பாதியில் நிறுத்திய பேட்டி

அக்கா: மெதுவாடா! ஹெட்போன் அது. நீ ரிப்பேர் பண்ற லிஃப்ட் கதவு இல்ல.

தம்பி: பேசாம டார்ச்சைப் பிடி. வயர் இங்கதான் அறுந்திருக்கு... இதை மாட்டிக்கிட்டேதான் தூங்கறியா?

அக்கா: நாள் முழுக்க பேட்டியைக் கேட்டுக் கேட்டு டைப் அடிக்கறேன். அறுந்து போகாம என்ன செய்யும்?

தம்பி: இன்னும் அதே ஆராய்ச்சியா? திருநங்கைங்க, திருநம்பிங்க, ஆம்பளையை விரும்பற ஆம்பளைங்க... டாக்டர்கிட்ட போனா என்ன பாடு படறாங்கன்னு...

அக்கா: அடேங்கப்பா, மனப்பாடமா ஒப்பிக்கறியே! அம்மா இன்னும் என்னை பேங்க் வேலைன்னு சொல்லிட்டுத் திரியறாங்க.

தம்பி: எல்லார் பேட்டியும் நீதான் கேப்பியா?

அக்கா: எடுக்கறது எங்க மேடம். டைப் அடிக்கறது நான். பேரு, ஊரு, வேலை எல்லாத்தையும் மாத்திடுவேன். முடிஞ்சதும் குரலை அழிச்சிடுவோம்.

தம்பி: தெரிஞ்ச குரலா இருந்தா?

அக்கா: ...ஏன் கேக்கறே?

தம்பி: சும்மாதான். டார்ச்சைக் கிட்ட காட்டு.

அக்கா: இது போதுமா?

தம்பி: பேச்சை மாத்தாதே. தெரிஞ்ச குரலா இருந்தா?

அக்கா: யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது. அவங்ககிட்டயே கூட. நேர்ல பாத்தா ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கணும். அவங்களா வாயைத் திறந்தாதான் உண்டு.

தம்பி: அது அவங்களுக்கு எப்படி இருக்கும்?

அக்கா: பாதுகாப்பா இருக்கும்.

தம்பி: பாதுகாப்பா! ஒருத்தன் மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டியிருக்கான். நீ கேட்டுட்டு, மாசக்கணக்கா... போன் பண்ணா "சாப்பிட்டியா, தலைக்கு எண்ணெய் வெச்சியா"ன்னு மட்டும் கேக்கறே. அவன் என்ன நினைப்பான்? நம்ம மேல அருவருப்புன்னு நினைக்க மாட்டானா?

அக்கா: டேய்...

தம்பி: கிட்ட வராதே, வயரைப் பத்தவைக்கிற கம்பி சூடா இருக்கு.

அக்கா: அதைக் கீழ வை. வைடா! ...நான் கேட்டாதானே?

தம்பி: என்னது?

அக்கா: தெரிஞ்ச குரல்னா அந்த நிமிஷமே நிறுத்திட்டு வேற ஆளுக்குக் குடுத்திடணும். மேடம் "தண்ணி குடிக்கிறீங்களா"ன்னாங்க. "தண்ணி எதுக்கு மேடம், டீ கிடைக்காதா"ன்னு ஒரு குரல். அதோட நிறுத்திட்டேன்.

தம்பி: அவ்வளவுதானா?

அக்கா: அவ்வளவுதான்.

தம்பி: அடிப்பாவி அக்கா! மூக்கைச் சிந்திச் சிந்திப் பேசினேனே... நீ டீ கேட்டதோட எழுந்து போயிட்டியா?

அக்கா: கேக்க ஆசை இல்லாமலா? உனக்கு என்ன கஷ்டமோ, எந்த டாக்டர் என்ன சொன்னானோன்னு தவிச்சுப் போயிட்டேன். ஆனா நீ சொன்னது மேடம்கிட்ட. அதை ஒட்டுக்கேட்டா நான் என்னடா அக்கா?

தம்பி: அப்ப... உனக்கு என்மேல கோவம் இல்லையா?

அக்கா: கோவம்தான். நீ எப்ப சொல்லுவேன்னு உன் வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன். நீ என்னடான்னா, கிரிக்கெட்டைப் பத்தியே பேசறே.

தம்பி: நீ பேசுவேன்னு நான்... நல்ல குடும்பம் போ.

அக்கா: ஊர்ல இவ்வளவு ஆராய்ச்சி நடக்குது. ஏன்டா எங்க மேடம்கிட்டயே போனே?

தம்பி: தெரியலையா? டைப் அடிக்கறது நீன்னு தெரிஞ்சுதானே போனேன். உன் முகத்தைப் பாத்து சொல்ல தைரியம் இல்ல.

அக்கா: இப்ப பாத்து சொல்லு. மெஷின் இல்ல, மேடம் இல்ல. ஒரு வார்த்தை மாத்த மாட்டேன்.

தம்பி: அழக்கூடாது.

அக்கா: அழலை. சொல்லு.

தம்பி: எனக்கு ஆம்பளைங்களைத்தான் பிடிக்கும், அக்கா. ஒருத்தரை ரொம்பப் பிடிச்சிருக்கு... கீழ படிக்கட்டுல உக்காந்திருக்காரு. "உங்க அக்கா முகத்தைத் திருப்பிக்கிட்டா இறங்கி வா, சத்தமில்லாம போயிடலாம்"னாரு. மேல கூப்பிடவா?