வந்த சரக்குக்கு இங்கிலீஷ்

வேலை தேடித் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். எதிரே இரண்டு பெண்கள். ஒருத்திக்குப் பாத்திரக் கடையில் டெலிபோன் எடுக்கும் வேலை.

"இன்னிக்கு மானேஜர் பக்கத்துல உக்காந்து கேப்பாராம். நல்லா பேசினாத்தான் வேலை நிரந்தரமாகும்."

"பேசிக் காட்டு. குக்கர் இருக்கா?"

"வெரி சாரி மேடம். நாட் இன் ஸ்டாக். கைண்ட்லி ட்ரை நெக்ஸ்ட் வீக்."

"ஜோரா இருக்கேடி. அப்புறம் என்ன பயம்?"

"நேத்து லாரியில குக்கர் வந்து இறங்கிடுச்சு. இல்லைன்னு சொல்லத்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. இருக்குன்னா எப்படிச் சொல்றது?"

பல்லாவரம் வரை தோழி யோசித்தாள்.

"யெஸ் மேடம்னு சொல்லு. ஆனா முன்னாடி ஒரு சாரி போட்டுக்கோ. சாரி இல்லாம ஆரம்பிச்சா ராங் நம்பர்னு வெச்சிடுவாங்க."