தன் கைப்பட

கையெழுத்து அழகாக இருப்பதால் வாழ்க்கையில் பெரிய லாபம் எதுவும் இல்லை. சொந்தக்காரர் வீட்டில் கல்யாணம் என்றால் பத்திரிகை உறைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து நம் தலையில் கட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். எனக்கு அதைவிட ஒரு படி கூடுதலான திறமை உண்டு. யாருடைய எழுத்தையும் அரை மணி நேரம் உற்றுப் பார்த்தால் போதும், அவரைப் போலவே எழுதிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உங்கள் விசாரணைக்குத் தேவைப்படும்.

தலைவரின் மாளிகையில், கடிதப் பிரிவில், பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். முதல் மாடியில் கடைசி அறை. மூன்று மேசை, இரண்டு இரும்பு அலமாரி, காகிதத் தூசியால் எங்கள் மூவருக்கும் தீராத தும்மல். தலைவர் பதவிக்கு வந்த வருடமே ஒரு பழக்கத்தை ஆரம்பித்தார். மக்கள் போடும் கடிதங்களில் தினமும் காலையில் ஐந்தை எடுத்து, தன் கைப்படப் பதில் எழுதுவார். தடித்த நிப்பு, கறுப்பு மை. ஜனங்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். 'பேனாக்காரர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவருடைய கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டாத தெரு நாட்டில் இல்லை என்று சொல்லலாம். விலைவாசி ஏறினாலும், மந்திரிகள் எக்குத்தப்பாகப் பேசினாலும், நமக்குப் பதில் எழுதின மனுஷன் என்று மறுபடியும் ஓட்டுப் போட்டார்கள்.

மூன்றாவது வருடம் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார். பேனாவைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீ யார் மாதிரி வேணாலும் எழுதுவியாமே. நிஜமா?"

"எழுதுவேன் ஐயா."

எழுதிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். "அடப்பாவி, என்னைவிட நீ நல்லா என்னை மாதிரி எழுதறியேப்பா" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது நமக்குள்ள இருக்கட்டும். நேரம் வரும்போது நானே எல்லார் முன்னாடியும் சொல்றேன், இவன்தான் என் கைன்னு" என்றார்.

நான் அதை நம்பினேன். நான் கேட்காமலேயே அவராகச் சொன்ன வார்த்தை அது.

முதல் ஆறு மாதம் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அப்புறம், "நீயே பார்த்து எழுதிடுப்பா" என்றார். அதன்பிறகு எழுத்து மட்டுமல்ல, வார்த்தையும் என்னுடையதுதான். மகனை இழந்த தபால்காரருக்கு ஆறுதல் எழுதினேன். பரீட்சையில் தோற்ற பெண்ணுக்குத் தைரியம் எழுதினேன். ஆறு வருடத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் கடிதங்கள். அவற்றில் ஒன்றைக்கூட அவர் படித்துப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. வீட்டில் என் மனைவிக்கு மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

போன வருடம் அந்தக் கடிதங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு கடிதம். நூற்றுத் தொண்ணூறு என்னுடையவை. வெளியீட்டு விழாவுக்குப் புதுச் சட்டை எடுத்தேன். மனைவியை ஆறாவது வரிசையில் உட்காரவைத்தேன். சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வராது இல்லையா? நான் மேடைக்குப் பின்னால் அவருடைய பையையும் குடையையும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மைக்கைப் பிடித்தார்.

"இதுல இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் என் கை வலிக்க வலிக்க நான் எழுதினது. இந்த வேலையை மட்டும் நான் யார்கிட்டயும் கொடுத்ததில்ல."

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. திரும்பும்போது பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்குகிற இடம் வந்ததும் கேட்டாள். "இத்தனை வருஷமா எங்கிட்டயே கதை விட்டுட்டிருந்தீங்களா?" என் வீட்டிலேயே என்னைப் பொய்யனாக்கிவிட்டார்.

அதற்கு நாலாவது நாள் என் தங்கையின் கடிதம் தலைவர் பெயருக்கு வந்தது.

தங்கை மலையூர் ஒன்றில் சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். அந்த மாதிரி வார்டுகளை எல்லாம் மூடிவிட்டு, கீழே பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்க்க அரசு முடிவெடுத்திருந்தது. அவள் எழுதியது ஒன்றரைப் பக்கம். மழைக்காலத்தில் மலைப்பாதை சரிந்துவிடும், பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரம் ஆகும், மழை மாதத்தில் மட்டும் பதினாலு பெண்களுக்குப் பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறது, வார்டைத் திறந்து வையுங்கள் என்று கேட்டிருந்தாள். முடியாது என்றால் இப்போதே சொல்லுங்கள், கீழே ஒரு பள்ளிக்கூட விடுதியில் பேசி வைத்திருக்கிறேன், பதினாலு பேரையும் முன்கூட்டியே அங்கே கொண்டுபோய்விடுவேன் என்றும் எழுதியிருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான், எதற்கும் இன்னொரு வழி வைத்திருப்பாள்.

முறைப்படி, 'தங்கள் கருத்து பெறப்பட்டது' என்று அச்சடித்த அட்டையை அனுப்ப வேண்டும். நான் தடித்த நிப்பை எடுத்தேன்.

'நான் உயிரோடு இருக்கும்வரை உங்கள் வார்டின் கதவு பூட்டப்படாது. எந்தத் தாயும் மலை இறங்கி அலைய வேண்டாம். அவரவர் வீட்டிலேயே நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள். இது என் வாக்கு.'

தங்கை மனம் குளிரட்டும் என்று எழுதினேன். முதலில் உங்களிடம் அப்படித்தான் சொன்னேன். உங்களோடு குறிப்பெடுக்கும் அம்மா அப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். சரி, முழுவதையும் சொல்லிவிடுகிறேன். வார்டைக் காப்பாற்ற மேலிருந்து ஒரு உத்தரவும் போகவில்லை என்று எனக்குத் தெரியும். மூடும் தேதி மாறாது என்று தெரியும். கடிதத்தை அவள் ஊரைக் கூட்டி வாசிப்பாள் என்று தெரியும். வார்டைப் பூட்டியதும் அந்த ஊர் அவரைக் காறித் துப்பும், நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி அவரும் ஒரு நாள் நிற்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவு சின்ன ஆசைதான்.

பத்து நாள் கழித்துத் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, ஐயா தன் கைப்பட எழுதியிருக்காருண்ணா. இங்க எல்லாரும் அழுதுட்டாங்க. ஹாஸ்டல் வேணாம்னு சொல்லிட்டேன். அவசரப்படறேனோ? உனக்கு ஏதாவது தெரியுமா?"

வார்டு மூடும் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. "அவரே சொல்லிட்டாருல்ல, அப்புறம் என்னம்மா பயம்" என்றேன்.

வார்டு குறித்த தேதியில் பூட்டப்பட்டது. டாக்டரையும் சாமான்களையும் ஒரே லாரியில் ஏற்றிப் போனார்கள். ஐயா வாக்குக் கொடுத்திருக்கிறார், மறுபடி திறந்துவிடுவார்கள் என்று ஊரே காத்திருந்தது. அடுத்த வாரமே மழை பிடித்து, பாதை ஒன்பது நாள் அடைபட்டது. பதினாலு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். ஐந்து பேரும் தங்கையின் கையில்தான்.

பாதை திறந்து டிவிக்காரர்கள் வந்தபோது, செத்தவர்களின் வீட்டார் அவளைச் சூழ்ந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் கடிதத்தைத் தூக்கிக் காட்டினாள். அன்று சாயங்காலம் தலைவர், "இதை நான் எழுதல" என்றார். அது உண்மைதான். ஆனால் கையெழுத்து நிபுணர்கள் அதை நாடு முழுக்க இருந்து வாங்கிய நாற்பது கடிதங்களோடு ஒப்பிட்டு, எல்லாம் ஒரே ஆளின் எழுத்து என்று சத்தியம் செய்தார்கள். அதுவும் உண்மைதான். வார்டை மூடியதைக்கூட ஜனங்கள் மன்னித்திருப்பார்கள். தன் கையெழுத்தையே இல்லை என்று சொல்கிறானே என்றுதான் கொதித்தார்கள். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அவர் கடிதங்களைக் கழற்றிக்கொண்டு வந்து மாளிகை வாசலில் எறிந்தார்கள். காலையில் உள்ளே போகக் கண்ணாடிச் சில்லுகளைத் தாண்டித்தான் போனேன். சொந்தக் கட்சிக்காரர்களே அவர் போனை எடுக்கவில்லை.

பத்தாவது நாள் என்னைக் கூப்பிட்டார். அறையில் வேறு யாரும் இல்லை.

"நீதானே?"

"ஆமாம் ஐயா."

"உன் பேரைச் சொன்னா நான் தப்பிச்சிடுவேன். தெரியுமா?"

"சொல்லுங்க ஐயா." மனதார, ஆசையோடு சொன்னேன்.

அவர் தன் வலது கையைப் பார்த்தார். "சொன்னா அத்தனை வீட்டு லெட்டரும் பொய்யாயிடும்ப்பா. மகன் செத்த அந்தத் தபால்காரர் இன்னும் அதைத்தான் படிச்சிட்டிருக்கார். வேணாம். நீ வீட்டுக்குப் போ." மறுநாள் ராஜினாமா செய்தார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. தியாகம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அது இரண்டாவது துரோகமாகத்தான் பட்டது. தலை போகும் நேரத்தில்கூட என் பெயரைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

தங்கை வேலையை விட்டுவிட்டாள். வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. போனில், "நான்தான்ணா அவங்களைக் கொன்னேன்" என்கிறாள். அந்த மனுஷனை நம்பினது உன் தப்பில்லம்மா என்று ஆறுதல் சொல்கிறேன். எனக்கும் மனசாட்சி இருக்கிறது.

அந்தச் சாவுகளை விசாரிக்கும் நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். போன வாரம் புத்தகத்தின் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் தங்கைக்கு எழுதியதைச் சேர்த்து, 'தலைவரின் இறுதிக் கடிதம்' என்று தலைப்பு வைத்திருக்கிறார்கள். அதைத் திருத்தி என் பெயரைப் போடச் சொல்லுங்கள்.

செத்துப்போன ஐந்து பேரைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அந்த அம்மா கேட்கிறார்கள். அவர்கள் கடைசிவரை வீட்டிலேயே காத்திருந்தார்கள், ஒருத்திகூடச் சந்தேகப்படவில்லை. பத்தாயிரத்தில் நன்றாக அமைந்தது அந்த ஒரு கடிதம்தான், எழுதிக்கொள்ளுங்கள்.