கம்பியில் இருபது, ஆற்றில் பதினாறு

அனைவருக்கும் ஒரு முக்கிய அறிவிப்பு. இன்று காலை சரியாக ஆறு மணிக்கு, வசீர் என்னும் சாம்பல் நிறக் கழுதை, கடவுச்சீட்டு இல்லாமல், காவலரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஓபிஷோர் ஊரிலிருந்து பாலத்தைக் கடந்து எங்கள் காரா-தால் கரைக்கு வந்தது. ஆற்றின் நீர்மட்டம் காட்டும் அளவுக்கம்பிக்கு எதிரே அரை மணி நேரம் நின்றது. பிறகு திரும்பிப் போனது. இரு நாட்டு அரசுகளும் இதுவரை கண்டனம் எதுவும் தெரிவிக்கவில்லை.

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் ஊரில் தண்ணீர் பங்கிடும் மிராப் தோக்தொசுன் பைகே அவர்களே, ஓபிஷோர் ஊர்ப் பெரியோர்களே, மறைந்த தவ்லத்யோர் அகாவின் மனைவி மஹ்ஃபிரத் அக்கா அவர்களே, அவருடைய நாற்பதாம் நாள் நினைவுக்காக அரை நாள் பாலத்துக் கதவைத் திறந்துவிட்ட காவலர்களே, பிலாவு எப்போது இறங்கும் என்ற கவலையோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் பொதுமக்களே, சலாம்.

பெரியவர்கள் இருக்க, பதினாறு வயது ஏர்னிஸ் ஏன் முதலில் பேசுகிறான்? கிர்கிஸ் பக்கம் முதலில் பேசினால் தாஜிக் பக்கம் எழுந்து போகும். தாஜிக் பக்கம் பேசினால் எங்கள் பக்கம் போகும். கடைசியில் இரண்டு ஊரும் சமமாக வெறுக்கும் ஒருவனைத் தேடினார்கள். தேட அதிக நேரம் ஆகவில்லை.

மறைந்த தவ்லத்யோர் அகா யார்? ஓபிஷோரின் மிராப். இருபத்தோரு ஆண்டுகள் தண்ணீரைப் பங்கிட்டவர். முறை வைத்துத் தண்ணீர் விட்டவர், முறை தவறியவனை முறைத்தவர். காலை ஆறுக்கு ஆற்றோரம் நின்றவர். இன்று ஆறு இருக்கிறது, ஆறுதல்தான் இல்லை.

அந்தக் காலைகளை எப்படி மறப்பேன்! அந்தக் கரையில் அவர், இந்தக் கரையில் தோக்தொசுன் பைகே. கம்பியின் கோட்டைப் படித்ததும் அவரவர் மொழியில் சொல்லக்கூடாது, எதிராளியின் மொழியில்தான் சொல்ல வேண்டும் என்பது நம் இரண்டு ஊர் வழக்கம். எதிராளியின் வாயால் தன் மொழியில் கேட்ட எண்ணை யாரும் பிறகு மறுக்க முடியாதல்லவா? எங்கள் பைகே தாஜிக்கில் கத்துவார். தவ்லத்யோர் அகா கிர்கிஸில் கத்துவார். அவர் உச்சரிப்பைக் கேட்டு நான் பாலத்துக் கைப்பிடியில் உட்கார்ந்து சிரிப்பேன். "சிரிடா சிரி. உங்க பைகே தாஜிக்ல எண்ணுறப்ப எங்க கழுதை வசீர் சிரிக்குது, அதுக்கு என்ன பண்ணுவ?" என்பார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இரண்டு ஊர் இளைஞர்களும் மதகுக்காகக் கல்லெறிந்து பதினொரு பேர் மருத்துவமனைக்குப் போனோமே, பாலம் மூடப்பட்டதே, அப்போதும் அந்தக் குரல் நிற்கவில்லை. நாங்கள் மேலே ஆழ்துளைக் கிணறு போட்டபோது ஓபிஷோர்க் கிணறுகளில் தண்ணீர் இரண்டு ஆள் ஆழம் இறங்கியது. கிணற்று ஆழம் பார்க்கும் கல் கட்டிய கயிற்றோடு அவர் கரைக்கு வந்து நின்றார். "மேல வேலி போட்டீங்க, சரி. மண்ணுக்கு அடியில எவன் வேலி போட்டான்? நீங்க உறிஞ்சறது எங்க கிணத்தடா" என்றார். மறுவாரம் எங்கள் மோட்டார் பாதி நேரம்தான் ஓடியது. கோபமாக ஒரு சொல் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் கோபப்பட்டுத் தப்பித்திருப்போம்.

இப்பேர்ப்பட்டவரை ஏமாற்றிய ஒரே ஆள் இந்த மேடையில் நிற்கிறான். பெருமையோடு சொல்கிறேன்.

போன ஆண்டு ஜூலை. கம்பியில் இருபது கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால், எங்கள் மதகை ஒருநாள் விட்டு ஒருநாள் அடைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அன்று பதினாறு. எங்கள் ஆப்ரிகாட் காய்கள் சுருங்கிக்கொண்டிருந்தன. நடுமதியம், நாய்கூட வெயிலுக்குப் பயந்து படுத்திருந்த நேரம், நான் சுத்தியலோடு ஆற்றில் இறங்கிக் கம்பியை நான்கு கோடு ஆழத்துக்கு அடித்தேன். பதினாறு இருபதானது. தண்ணீர் ஏறவில்லை, கம்பி இறங்கியது. மறுநாள் காலை தோக்தொசுன் பைகே, கண்ணாடி இல்லாமலே, "பிஸ்த்" என்றார். தவ்லத்யோர் அகா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "ஜீயிர்மா" என்றார். இரண்டுமே இருபதுதான்.

ஒன்பது நாள் எங்கள் மதகு திறந்தே இருந்தது. ஓபிஷோரில் ஒரு முலாம்பழக் கொடிகூட வாடவில்லை. யாருக்கும் நட்டமில்லாத குறும்பு! பத்தாம் நாள் மனம் இரங்கிக் கம்பியை நானே பழைய இடத்துக்கு இழுத்துவிட்டேன் என்று எங்கள் தெருப் பையன்களிடம் ஓராண்டாகச் சொல்லி வருகிறேன்.

அமைதியாக இருங்கள், இன்னும் முடிக்கவில்லை. கல்லைத் தேடுகிறவர்கள் என்மேல் எறியுங்கள். ஆற்றைத் தாண்டி எறிய வேண்டாம்.

நேற்று, இந்தப் பிலாவுக்கு விறகு இறக்க மட்டும் காவலர்கள் விட்டதால், மஹ்ஃபிரத் அக்கா வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் பன்னிரண்டு இளம் ஆப்ரிகாட் மரங்கள் பட்டுப்போய் நின்றன. பூச்சி விழுந்துவிட்டது என்றுதானே அகா ஊரெல்லாம் சொல்லியிருந்தார்? அக்கா சொன்னார்: "பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. போன ஜூலையில ஒம்பது நாள் எங்க முறைத் தண்ணி முழுசையும் அடுத்தவங்க வயலுக்குத் திருப்பி விட்டாரு. ஏன்னு கேட்டா, 'ஒரு பையனுக்காக ரெண்டு ஊர் மண்டை உடையணுமா'ன்னாரு. எந்தப் பையன்னு சொல்லவே இல்ல."

முலாம்பழக் கொடி ஏன் வாடவில்லை என்று இப்போது தெரிகிறதா?

தவ்லத்யோர் அகா, நீர் இல்லாத ஆற்றில் நாளை யார் எண் சொல்வது? ஓபிஷோர்ப் பெரியோர்களே, சண்டை போடாமல் ஒருவரை அனுப்புங்கள். இந்தக் கரையில் கண்ணாடி இல்லாத பைகேக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். எங்கள் வீட்டு வியாழக்கிழமை முறைத் தண்ணீர், அந்தத் தோட்டத்தில் நான் நடப்போகும் பன்னிரண்டு கன்றுகளுக்கு. காவலர்கள் கதவைத் திறக்காவிட்டால் வசீரின் பின்னால் வருவேன், அதை யாரும் தடுப்பதில்லை.

கடைசியாக ஒன்று. கம்பியை இழுத்து நட்டது நான் இல்லை. பத்தாம் நாள் காலை நான் பாலத்துக்கு வந்தபோது அது பழைய இடத்தில் இருந்தது. அகாவின் கால்சட்டை இடுப்புவரை நனைந்திருந்தது. அவர் கம்பியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து, "ஒன் அல்டி" என்று கத்தினார். பதினாறு. பிறகு, "டேய் ஏர்னிஸ், சுத்தியல் வெயில்ல சுடுமே, கை பொத்துப்போச்சா?" என்று கேட்டார்.

பொத்துத்தான் போயிருந்தது, வடு இன்னும் ஆறவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "என்ன சுத்தியல் அகா?" என்றேன். நான் யாரையும் ஏமாற்றவில்லை. ஓராண்டு முழுக்க, மன்னிப்பு என்ற ஒரு சொல்லை அந்தக் கரைக்குக் கத்தத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.