முன்சீட்டுக்காரர்

— வழி சொல்ற அந்தப் பொம்பளக் குரல் வேணாம் பாய். வேற இருந்தா போடு.

— ஆம்பளக் குரலும் இருக்கு, கமலநாதன் அண்ணே. இந்தா, கேளுங்க.

— இது அதைவிட மோசம். ஒரு ஆம்பள இவ்வளவு பணிவாவா பேசுவான்? இவனை நம்ம வண்டியில ஏத்த முடியாது லா.

— ஏன், அவரு பேசினா என்னவாம்?

— உஷா, வண்டி ஓட்டுறது நீ. பக்கத்து சீட்டுல புருஷன் நான் உட்கார்ந்திருக்கேன். நடுவுல எவனோ ஒருத்தன் ‘டர்ன் லெஃப்ட்’னு உன்கிட்ட கொஞ்சினா நல்லாவா இருக்கு?

— எனக்கு நல்லாத்தான் இருக்கு. நிஜாம், அந்த ஏழு இஞ்ச் ஸ்கிரீனை எடுங்க.

— அக்காவுக்குக் கண்ணு சரியான சாமான் மேலதான் போவுது. போன்ல இருக்கிற மேப்பு காருக்கு உள்ளது. அதை நம்பி மோட்டார்ஹோமைக் கொண்டு போனா சின்னப் பாலத்துக்கு அடியில விட்டுரும். இதுல வண்டியோட உயரம், நீளம், எடை எல்லாம் போட்டுட்டா, நுழையாத ரோட்டுப் பக்கமே உங்களைக் கூப்பிடாது. உங்க வண்டியில படுக்கை, அடுப்பு எல்லாம் இருக்குல்ல?

— வாடகைக்கு எடுக்கிற ஒரு குடும்பமே படுத்துக்கிட்டு வரலாம். கூரை மேல ஏர்கோன் பெட்டிகூட இருந்துச்சு.

— இருந்துச்சா?

— உஷா, அது இப்ப வேணாம்.

— ஷா ஆலம்ல ஒரு கார் பார்க். வாசல்ல குறுக்கால ஒரு இரும்புக் கம்பி. இவரு தலையை வெளிய நீட்டிப் பார்த்துட்டு, ‘தாராளமா போவும் லா’ன்னாரு. நாங்க உள்ள போயிட்டோம். ஏர்கோன் வரலை.

— கம்பியைத் தாழ்வா மாட்டினவனைக் கேளு. பாய், ஒண்ணு சொல்லு. நாம ரோடு மாறிப் போயிட்டா இது என்ன சொல்லும்?

— ஒண்ணும் சொல்லாதுண்ணே. வேற வழி காட்டும்.

— திட்டாதா?

— திட்டாது.

— கேட்டுக்குங்க.

— திட்டாம இருக்கிறது ஒரு குணமா? அதுக்கு அக்கறை இல்ல, அதான். நான் உனக்காகத் தொண்டை கிழியக் கத்துறேன்.

— கத்துறீங்க. சிம்பாங் முனையைத் தாண்டினப்புறம் ‘இங்க திரும்பியிருக்கணும்’னு கத்துறீங்க. செவ்வாய்க்கிழமை என்ன சொன்னீங்க? ‘பாசார் மாலாம் போடுற இடத்துல திரும்பு’ன்னீங்க. அங்க ராத்திரிச் சந்தை போடுறது வியாழக்கிழமை மட்டுந்தான். நான் எதைப் பார்த்துத் திரும்புறது?

— கிள்ளான்ல மழை வந்தா எந்த ரோட்டுல தண்ணி ஏறும்னு இதுக்குத் தெரியுமா?

— உங்களுக்குத் தெரியுமா?

— தண்ணி ஏறினதும் சொல்லியிருக்கேன்ல.

— இருங்க, லோகன் கூப்பிடறான். உள்ள லைன் கிடைக்காது. வெளியில போய்ப் பேசிட்டு வரேன்.

— போ, போ. பாய், பார்த்தியா? அவன் பேரு வந்ததும் அந்த முகத்தைப் பார்த்தியா?

— நான் ஸ்கிரீனைத் துடைச்சிக்கிட்டு இருந்தேண்ணே. யாரு லோகன்?

— அவ அத்தை மகன். முறைக்காரன். எனக்கு முன்னாடி அவனுக்குத்தான் இவளைப் பேசினாங்க. இப்பதான் லோரி லைசன்ஸ் எடுத்திருக்கான். தினம் போன் பண்றான். என்ன பேச்சுன்னா ‘வேலை விஷயம்’ங்கறா. நீயே யோசி. இந்த மெஷினை மாட்டிட்டா வழி சொல்ல நான் எதுக்கு? அடுத்த மாசம் கேமரன் மலை ட்ரிப். என் சீட்டுல யாரு உட்காருவா?

— வாடகைக்கு வர்றவங்க யாராச்சும்...

— லோகன்.

— நீங்களா நினைச்சுக்கிறீங்கண்ணே.

— இதுல உயரம் எங்க போடணும்?

— இங்க. உங்க வண்டி மூணு மீட்டர் இருக்குமா?

— ஆறு போடு.

— ஆறா? ரெட்டை மாடி பஸ்ஸே அவ்வளவு வராது. ஆறு போட்டா ஒரு பாலத்துக்கு அடியிலயும் விடாது. நீங்க வீட்டுக்கே போய்ச் சேர முடியாது.

— அதான் வேணும். வழி தெரியாத மெஷினை அவ வாங்க மாட்டா.

— என் பொழப்புல மண்ணைப் போடுறீங்களே.

— உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?

— ஊர்ல பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க.

— அப்ப உனக்கே புரியும். அந்தப் பக்கம் திரும்பிக்க. நானே அமுக்கிக்கறேன்.

— அக்கா வராங்க.

— முடிச்சுட்டேன். சிரிச்ச மாதிரி நில்லு.

— நிஜாம், ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. இங்கருந்து கிள்ளானுக்குப் போடுங்க.

— போடறேன்க்கா. அது வந்து...

— என்ன வருது?

— இந்த வண்டிக்கு வழியே இல்லைங்குது.

— கிள்ளானுக்கா? சரி, ரவாங்குக்குப் போடுங்க.

— அதுக்கும் இல்லையாம்.

— பார்த்துக்க உஷா. கிள்ளானுக்கு வழி தெரியாதது கேமரன் மலைக்கு எங்க ஏத்தப் போவுது? நான் ஒண்ணும் சொல்லலை. மெஷினே சொல்லிடுச்சு.

— நல்ல வேளை, கடையிலயே போட்டுப் பார்த்தோம். இல்லாட்டி லோகன்தான் நடுரோட்டுல நின்னிருப்பான்.

— லோகன் எதுக்கு நிக்கணும்?

— ரெண்டாவது மோட்டார்ஹோமுக்கு லோன் பாஸாயிடுச்சு. அதைச் சொல்லத்தான் இப்ப கூப்பிட்டான். முன்னாடியே சொன்னா ஊரெல்லாம் சொல்லிடுவீங்கன்னு வாயைத் திறக்கலை. அதை அவன் ஓட்டப்போறான். இந்த மெஷின் அந்த வண்டிக்கு.

— அப்ப நம்ம வண்டிக்கு?

— நம்ம வண்டிக்கு எதுக்கு? நீங்க பக்கத்துல கத்திக்கிட்டே இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வராது.

— உஷா, இதை இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமா? பாய் ஏதோ தப்பா அமுக்கியிருப்பாரு.

— அண்ணே, அந்த உயரத்தைப் பத்தி அக்காகிட்ட சொல்லட்டுமா?

— நீ சும்மா இரு பாய்.

— வேணாங்க, மெஷினே வேணாம். லோகனுக்கு கேமரன் ரோடு தெரியாது. நீங்க அவன் பக்கத்துல உட்கார்ந்து வழி சொல்லிக்கிட்டு வாங்க, நான் நம்ம வண்டியில பின்னாலயே ரேடியோ போட்டுக்கிட்டு வந்துடறேன்.