பெர்லின் வாய் திறக்காத ஞாயிறு

இந்தப் பள்ளி ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பள்ளித் தாளாளர் அப்பாத்துரை அண்ணாச்சி அவர்களே, நான் வாய் திறக்கும் முன்பே கைக்கடிகாரம் பார்க்கத் தொடங்கிவிட்ட ஆசிரியப் பெருமக்களே, வயலிலும் வாழையிலும் வாடி வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைக்குப் பூசிய பவுடர் கலைவதற்குள் இந்தக் கிழவன் இறங்க மாட்டானா என்று தவிக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பணிவு என்றது ஒரு பேச்சுக்குத்தான். அழைப்பிதழில் என் பெயர் இல்லை. “ரெண்டு வார்த்த பேசிட்டு இறங்கிருங்க அண்ணாச்சி” என்று விழாவை நடத்தும் எபனேசர் தம்பி காதில் சொல்லித்தான் மைக்கைக் கொடுத்தார். பலகாரம் சுற்றிய தாளிலும் பஸ்ஸின் பெயர்ப்பலகையிலும் எழுத்துக் கற்றவனுக்கு மேடையில் கடைசி நாற்காலிதானே கிடைக்கும்? கிடைக்கட்டும். கடைசி நாற்காலிக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. எல்லோருடைய முதுகும் தெரியும்!

கை தட்டாதீர்கள். உங்கள் முதுகையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெர்லினை அறிவீர்கள். கங்கைகொண்டானில் கம்பெனி வேலைக்குப் போகும் சாலோமியின் மகள். நம் பள்ளியில் நான்காம் வகுப்பு. சபையில் நடந்த வேத வசனப் போட்டியில், மீசை முளைத்த பையன்களே மூச்சு வாங்கி நின்ற இடத்தில், மளமளவென்று ஒப்பித்து முதற்பரிசு பெற்றவள். வசனப் போட்டியில் வென்ற பிள்ளைதான் அசனப் பண்டிகை ஞாயிறன்று சபை முன்னே வேதபாடம் வாசிக்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். அது முடிந்த பிறகுதான் அடுப்பிலிருந்து அண்டா இறங்கும், ஊர் கூடி அசனம் உண்ணும்.

அன்று பெர்லின் ஆலய மேடை ஏறினாள். புத்தகத்தை விரித்து வைத்தோம். பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். வாய் திறக்கவில்லை.

“ஏட்டி, பரிசு வாங்கும்போது மட்டும் வாய் இருந்துச்சோ?” என்றது ஒரு குரல். “அம்புட்டையும் கடகடன்னு சொன்னவளுக்கு நாலு வரி வாசிக்க முடியாதாக்கும்? திமிரு வே, திமிரு!” என்றது மற்றொரு குரல். யார் என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் வரிசையில் இப்போது துண்டால் முகம் துடைப்பவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

நொடியில் தீர்ப்பு எழுதிவிட்டோம்! ஒப்பிக்கிறாள், ஆகவே வாசிக்கத் தெரியும். தெரிந்தும் வாசிக்கவில்லை, ஆகவே அகந்தை. வகுப்பிலும் இதே கதைதான் என்றார் அவள் வகுப்பாசிரியர் கிருபைராஜ் சார். கூடியது பள்ளிக் குழு. லீவு முடிந்ததும் வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும்படி சாலோமியிடம் சொல்லிவிட்டது.

குழுவில் ஒருவராவது அந்தத் தாயிடம் ஒரு கேள்வி கேட்டீர்களா? நான் கேட்டேன். “ஏம்மா, இம்புட்டு வசனத்தையும் எப்படிப் படிச்சா?”

“படிக்கல அண்ணாச்சி, கேக்கா. போன்ல வேதம் வாசிக்கும்லா, நான் சோறு பொங்குத நேரமெல்லாம் அதக் காதுல வச்சிக்கிட்டே திரிவா. கேட்டா அப்படியே ஒட்டிக்கிடும். எழுத்தக் காட்டுனாத்தான் அழுதுருதா.”

தாயையும் மகளையும் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். இத்தகைய பிள்ளைகளுக்கென்றே பயிற்சி பெற்ற டீச்சரம்மா ஒருவர் அங்கே இருக்கிறார். பல நாள் வரச்சொல்லிச் சோதித்துவிட்டு, டிஸ்லெக்சியா என்றார். நான் விடுவேனா? “இதுக்கு என்ன மருந்தும்மா?” என்றேன்.

சிரித்துவிட்டார். “நோயே இல்ல ஐயா, மருந்து எதுக்கு? ஒலியையும் எழுத்தையும் சேக்குறது இவளுக்குச் சிரமம். ஒவ்வொரு ஒலியா, பைய, கூடுதல் நேரம் குடுத்துச் சொல்லிக்குடுக்கணும். அதுவரைக்கும் கேள்விய வாசிச்சுக் காட்டி, பதில வாயால சொல்லச் சொல்லுங்க. அறிவுல ஒரு குறையும் இல்ல.”

கிருபைராஜ் சார், ஏன் தலை குனிகிறீர்கள்? உங்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு எதையுமே யாரும் சொல்லித்தரவில்லை. வாருங்கள், கை கொடுங்கள்!

பெரியோர்களே, ஸ்ரீவைகுண்டம் அணையில் தண்ணீர் வடகாலிலும் போகிறது, தென்காலிலும் போகிறது. வடகாலில் வந்தால்தான் தண்ணீர், தென்காலில் வந்தால் தண்ணீரே இல்லை என்று எந்த விவசாயியாவது சொன்னதுண்டா? கண் வழியே வந்தால் கல்வி, காது வழியே வந்தால் திமிரா? ஓடி வருகிற பிள்ளையைக் கைதட்டி வரவேற்போம். ஊன்றி ஊன்றி வருகிற பிள்ளையை வாசலோடு அனுப்பிவிடுவோமா? அனுப்புவதற்கா பள்ளிக்கூடம் கட்டினோம்? சேர்ப்பதற்கல்லவா கட்டினோம்!

தாளாளர் அவர்களே, ஊர் அறியக் கேட்கிறேன். பெர்லின் இங்கே படிப்பாளா, மாட்டாளா? தலையை ஆட்டினால் பின்வரிசைக்குத் தெரியாது. மைக்கில் சொல்லுங்கள். எபனேசர் தம்பி, சட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள், தையல் பழசு. பதில் வராமல் நான் இறங்கப்போவதில்லை.

என்ன சொன்னீர்கள் அண்ணாச்சி? “சரி வே, அவ இங்கனயே படிக்கட்டும்.” கேட்டீர்களா சபையோரே? கேள்வித்தாள்? “வாசிச்சுக் காட்டச் சொல்லுதேன். ஒலி சொல்லிக்குடுக்க அந்த டீச்சரம்மாவையும் வரச்சொல்லுதேன். போதுமாவே?”

போதும் அண்ணாச்சி. மனம் நிறைந்தது.

பெர்லின், எங்கேயம்மா இருக்கிறாய்? எழுந்து நில். நாங்கள் எழுதி வைத்ததையே மறக்கிற கூட்டம். தாளாளர் இப்போது சொன்னதை நீ கேட்டுக்கொண்டாய் அல்லவா? ஜூன் மாதம் இவர்களில் யாராவது மறந்துபோனால், அவர் அறைக்குள் நேராகப் போய் நின்று, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்துவிடு.

பொறுத்திருந்த உங்கள் காதுகளுக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.