மலையில் கொடுத்த சோறு

ஆவடியில் வயிறாரச் சாப்பிட வேண்டுமென்றால் சீனாக்காரர் கடைக்குத்தான் போக வேண்டும், ஐயா. நீங்களும் ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். பட்டாளத்து முகாமுக்கு எதிரே தகரக் கூரை போட்ட கடை. கோதுமை மாவைப் பிசைந்து இழுத்து நூல் நூலாக்கி, கோஸும் வெங்காயத்தாளும் முட்டையும் போட்டு இரும்புச் சட்டியில் வதக்கித் தட்டில் கொட்டுவார். அரிசிக்கு ரேஷன் வந்ததிலிருந்து மற்றக் கடைகளில் அளவு சுருங்கிக்கொண்டே போனது. அவர் கடையில் மட்டும் ஒரு தட்டை இரண்டு பேர் சாப்பிடலாம். மத்தியானத்தில் உட்கார இடம் கிடைக்காது. சிப்பாய்கள் பெஞ்சில் இருப்பார்கள். முகாமில் செங்கல் சுமக்கும் நாங்கள் லாரி நிழலில் குந்தியிருப்போம். எல்லோருக்கும் ஒரே குவியல்தான்.

"இப்படி அள்ளிப் போட்டா கட்டுப்படியாவுமா அண்ணாத்தே?" என்று ஆட்கள் கேட்பார்கள்.

"ரோட்டுல பசி பாத்தாச்சு. போதும்" என்பார். ரங்கூனில் எங்கள் ஆட்களோடு பழகிக் கற்ற தமிழ்.

அவர் பெயர் குவான். ஒரு கால் சற்று இழுக்கும். நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை.

என் பெயர் வேம்புலி. ஊர் கள்ளிக்குப்பம். நானும் ரங்கூனில் இருந்தவன்தான், அரிசி ஆலையில் மூட்டை தூக்கினேன். யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷம், தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று என் மனைவி கன்னியம்மா கப்பல் ஏறி ஊருக்கு வந்துவிட்டாள். மகள் நாகவல்லி மட்டும் வரமாட்டேன் என்று அழுது என்னோடு நின்றுகொண்டாள். ஏழு வயது. நான் சாப்பிட உட்கார்ந்தால்தான் அவளும் உட்காருவாள். அப்படி ஒரு ஒட்டுதல்.

பிறகு ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் எல்லோரும் மலைப்பாதையில் இந்தியாவுக்கு நடந்தோம். பாதியில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். நான் மட்டும் ஊர் வந்து சேர்ந்தேன்.

கன்னியம்மா கேட்டாள். காய்ச்சல் என்றேன். வழியில் ஒரு பருக்கை கூடக் கண்ணில் படவில்லை என்றேன். அவள் அதற்கு மேல் அழுதாளே தவிர, என்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்த ஒரு பதிலில்தான் எங்கள் குடும்பம் நின்றது. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

முகாம் வேலைக்காக ஆவடிக்கு வந்தபோது குவான் கடையில் காய் நறுக்கவும் தட்டு கழுவவும் அவளுக்கு வேலை கிடைத்தது. அவளுக்கு அங்கே மனசு கொஞ்சம் தேறியது. அவரும் அந்தப் பாதையில் நடந்து வந்தவர் என்பதால் மகளைப் பற்றி அவரிடம் பேசுவாள். ஒரு சாயங்காலம், கடையில் கூட்டமில்லாத நேரம், அவளை அழைத்து வரப் போனேன். அடுப்பைவிட்டு எட்டிப் பார்த்தவர், என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

இரண்டொரு நாள் கழித்து, சாப்பிடப் போன என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மலையில ஓடை. மரத்தடியில சின்னப் பொண்ணு. நீதானே?"

ஆமாம் என்றேன்.

"நான் சோறு குடுத்தேன். தகரத்துல. பொண்ணு சாப்பிட்டிச்சா?"

சாப்பிட்டாள் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உங்களிடம் மறைத்து ஆவதில்லை. அவர் கொடுத்தது உண்மை. தன் சட்டியில் இருந்ததில் பெரும்பாதியை அள்ளி ஒரு தகர டப்பாவில் போட்டு, குழந்தைக்கு என்று சைகை காட்டிவிட்டு நடந்துவிட்டார். சூடான சோறு. நான் யோசித்தேன். அவளுக்குக் காய்ச்சல், உள்ளே போனால் வாந்தி எடுத்துவிடுவாள். தூக்கி நடக்க வேண்டியவன் நான். நான் விழுந்துவிட்டால் இரண்டு பேரும் போய்விடுவோம். பாறைக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டேன். அவளுக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன்.

திரும்பி வந்து தூக்கியபோது, "நைனா, சோத்து வாசன வருது" என்றாள்.

"காய்ச்சல்ல அப்டித்தாம்மா இருக்கும்" என்றேன்.

நான் சொன்னால் நம்பும் பெண். சரி என்று என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மறுநாள் விடியும்போது அவள் இல்லை.

அதனால்தான் அன்றைக்குக் கடையில் குவானிடம், "கன்னியம்மாகிட்ட இத்தச் சொல்லாதீங்க, அழுவா" என்று கேட்டுக்கொண்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு என் தட்டில் குவியல் இன்னும் பெரிதானது. எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை என்று சொன்னால் பொய். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். ஆனால் கண் முழுக்க அவர்கள் இரண்டு பேர் மேல்தான். அவர் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்வார், அவள் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். என்னைக் கண்டால் பேச்சு நின்றுவிடும். இன்றைக்கோ நாளைக்கோ சொல்லிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. சோறு கிடைத்தது என்று தெரிந்தால் அவள் மற்றதைத் தானே கணக்குப் போட்டுக்கொள்வாள். குழந்தையை இழந்தவளுக்குப் புருஷனும் இல்லாமல் போகக் கூடாது. அதை நினைத்துத்தான் செய்தேன்.

நேற்று மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு கன்னியம்மா காய் வாங்கப் போயிருந்தாள். குவான் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். அந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, குறுக்கே ஒரு பலகைதான். நான் பக்கத்தில் போனேன். "சாப்டியா?" என்று கேட்டார். இழுக்கும் காலில் என் காலைக் கொடுத்துத் தள்ளினேன். அதிக பலம் தேவைப்படவில்லை.

தண்ணீரிலிருந்து மேலே பார்த்துக் கையை நீட்டினார். தவறி விழுந்துவிட்டதாகவும், நான் கயிறு போடுவேன் என்றும் நினைத்திருக்க வேண்டும். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் முகத்தில் கடைசிவரை கோபம் இல்லை. தண்ணீர் அடங்கும்வரை நின்றுவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

கால் சரியில்லாத மனிதர், வழுக்கி விழுந்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். உங்கள் ஆட்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் கன்னியம்மா வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து அழுதாள். "நம்ம கொழந்திக்கு சோறு குடுத்த மனுசன்யா அவரு" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒனக்கு யாரு சொன்னது?"

"அவருதான். ஒன்னக் கடையில பார்த்த மறுநாளே சொன்னாரு. சந்தோசமா சொன்னாரு. ஒம் பொண்ணுக்கு நான் சோறு குடுத்தேன்னு."

"அப்பறம் ஏன் என்னக் கேக்கல?"

"இன்னான்னு கேக்கறது? தெரிஞ்சிபோச்சு. ஒரு நாளு பூரா ஒன்ன வெட்டிப் போட்டுடலாம்னுதான் இருந்தேன். அப்பறம் ஒன் மூஞ்சப் பாத்தேன். நீயும் பூட்டேன்னா எனக்கு யார் கீறா? எனக்குத் தெரியும்னு எம் புருசன்கிட்ட சொல்லாதீங்க, தாங்க மாட்டான்னு அவரு கால்ல உழுந்து கேட்டேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளுடைய அழுகை நின்றுபோனது.

"நீ மத்தியானம் கடைக்கு வந்தியா?"

ஆமாம் என்றேன்.

காலையில், "டேசன்ல போயி சொல்லிடு" என்றாள். நான் புறப்படும்போது திரும்பியும் பார்க்கவில்லை.

குவானைக் கொன்றது நான்தான், ஐயா. அதை மறுக்கவில்லை. ஆனால் நடந்ததை நீங்கள் நியாயமாகப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரியும் என்று அவள் ஒரு வார்த்தை முன்னாலேயே என்னிடம் சொல்லியிருந்தால், அந்த மனிதர் இன்றைக்கும் அடுப்பு மூட்டியிருப்பார். அவள் வாயை மூடிக்கொண்டிருந்ததால் வந்த வினை இது. இதில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.