கேடயம் என்று சொல்லிக்கொண்ட கிழவன்

“ஸயாமா, லாபீ! லாபீ! பின்பக்கமா ஓடுங்க!”

எதிர்மாடியிலிருந்து கத்துகிறார்கள். பர்மிய மொழியில் ‘டீச்சர், வந்துவிட்டார்கள்’ என்று அர்த்தம். ராணுவக்காரர்கள். செவ்வாய்க்கிழமை. காலை பத்து இருபது. லத்தா தெரு முழுக்க எச்சரிக்கையாகச் சட்டி தட்டும் சத்தம். பிறகு ஒரு வெடி. ஜன்னல் அதிர்கிறது. நான் பின்படிக்கட்டில் இறங்குகிறேன். மா நிலார் என் பின்னால் வருகிறார் என்றுதான் நினைத்தேன். சாக்கடைச் சந்தில் திரும்பிப் பார்த்தேன். ஆளில்லை.

மா நிலார் என் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ராணுவ ஆட்சியை எதிர்த்து ஆசிரியர்களின் வேலைநிறுத்தத்தை நடத்தியவர். ஆறு நாளாக என் வீட்டில் ஒளிந்திருந்தார்.

நான் சரித்திர ஆசிரியை. பதினொரு வருடம் ஒரு கிழவனைப் பாடமாக நடத்தினேன். பிரான்ஸ்காரன். முதல் உலகப் போரில் கோட்டையைக் காத்த தளபதி. இரண்டாவது போரில் நாடு ஆறே வாரத்தில் விழுந்தது. எண்பத்து நான்கு வயதில் ஆட்சி அவன் கைக்கு வந்தது. ஜெர்மன்காரனோடு கைகுலுக்கினான். வகுப்பறைதோறும் தன் படத்தை மாட்டவைத்தான். யூதர்களை ஒதுக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டான். வந்து பெயரைப் பதியுங்கள் என்றான். நம் சர்க்கார்தானே என்று பதிந்தார்கள். பிறகு அவன் போலீஸே அந்தப் பெயர்களோடு போய்க் கதவைத் தட்டியது.

போர் முடிந்து நடந்த விசாரணையில் என்ன சொன்னான்? நான்தான் உங்களுக்குக் கேடயம். நான் இல்லாவிட்டால் இதைவிட மோசமாகியிருக்கும். வெட்கங்கெட்டவன். இந்த வாதத்தை அழகாக எழுதிய பிள்ளைகளுக்குப் பத்துக்கு எட்டு மார்க் போட்டேன். நடுநிலையாம்.

இங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் பழைய விதியும் திரும்பி வந்தது. இரவு தங்கும் விருந்தாளியின் பெயரை வார்டு ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும். வார்டு தலைவர் ஊ அந்தோணி. ‘ஊ’ என்பது இங்கே ‘ஐயா’ மாதிரி. தமிழர். எங்கள் மாதா கோயில்காரர். என் அப்பாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை மா நிலாரைப் படியில் பார்த்துவிட்டார்.

“எழுதிக் குடுத்துருங்க டீச்சர். பேப்பர் எங்கிட்டயே இருக்கும். செக்கிங் வந்தா நான் பேசிக்கிறேன். நான் போனா வேற எவனாச்சும் வருவான். அவன் ஒங்களப் பாப்பானா?”

கிழவனின் அதே பேச்சு. எனக்கு உறைக்கவில்லை. தமிழில் சொன்னாரே. நம்ம ஆளாச்சே. அதோடு, எங்கள் வீட்டில் எந்த விருந்தாளியையும் எழுதாமல் விட்டதில்லை. இந்தியாக்காரர்கள் என்று எவனும் குறை சொல்லக்கூடாது என்ற பயம். பொய்ப்பெயர் எழுதியிருக்கலாம். தோன்றவே இல்லை. திங்கட்கிழமை மத்தியானம் நானே போய் எழுதினேன். மா நிலாரிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை நடந்த எல்லாவற்றையும் எதிர்மாடிக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பிறகு எனக்குச் சொன்னார். மா நிலார் பாதிப் படியில் திரும்பினார். மேலே ஓடினார். குழவிக்கல்லால் தன் போனை நொறுக்கினார். வேலைநிறுத்த ஆசிரியர்களின் பெயர்கள் அதில் இருந்தன. இருபத்திரண்டு பேர். அதற்குள் கதவு உடைந்தது. வந்தவன் கையில் ஒரு தாள் இருந்ததாம். நான் எழுதியதுதான்.

புதன் காலை எட்டு மணிக்கு மா நிலாரின் உடலைக் கொடுத்தார்கள். மாரடைப்பாம். தாடை உடைந்திருந்தது.

நான் இப்போது ஆற்றுக்கு அப்பால், தன்லியின் என்ற ஊரில், ஓர் அறையில் ஒளிந்திருக்கிறேன். ஊ அந்தோணி இன்னும் வார்டு தலைவர். கோயிலில் முன்வரிசை. அந்தப் பிரான்ஸ்காரக் கிழவனுக்கு மரணதண்டனை விதித்தார்கள். வயதைப் பார்த்து ஆயுளாகக் குறைத்தார்கள். ஒரு தீவில், தொண்ணூற்றைந்து வயதில், படுக்கையில் செத்தான். மா நிலாருக்கு முப்பத்து நான்கு.

பிழைத்தவர்கள் இருபத்திரண்டு பேர். போனவர் ஒருவர். அந்த ஒரு பெயரைக் கொடுத்தது நான்.